கருந்துளையின் உள்ளூர்ப் பொறுப்பாளர்

மார்கழி ஐந்தாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு விழிதியூர் சின்னப்பிள்ளையின் வயலுக்கு அரசாங்கம் வந்தது. ஜீப்பில் வந்தது. இறங்கி, வரப்பில் நடக்கத் தெரியாமல் ஒரு காலைச் சேற்றில் விட்டு, அதைப் பிடுங்கி உதறி, மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்து, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தியது. ஸ்டார்ட்டர் பெட்டியைச் சிவப்பு நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தியது. இத்தனையும் முடிந்த பிறகுதான் "இந்த மோட்டார் யாருது?" என்று கேட்டது.

மடை திருப்பிக்கொண்டிருந்த சின்னப்பிள்ளை மண்வெட்டியோடு ஓடிவந்தார். "என்னுதுதாங்க."

"ஏன் சத்தம் போடுறீங்க?"

"நான் ஒண்ணும் போடலீங்களே. மோட்டாருதான் ஓடுறப்ப கொஞ்சம்..."

"ஒத்துக்கிறாரு, எழுதிக்கங்க" என்றார் கண்காணிப்பாளர் தியாகராசன். கூட வந்தவர் எழுதிக்கொண்டார்.

வந்தவர்கள் வானலை அமைதிக் காப்பு வாரியத்தார். நெரவிக்கும் விழிதியூருக்கும் நடுவே, முகூர்த்தம் குறைந்து பூட்டிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு வருடமாக அந்த ஆபீஸ் நடக்கிறது. ஊரில் அதற்கு அமைதி ஆபீஸ் என்று பெயர். மண்டபத்தின் பின்புறம், முன்பு விருந்துக்குக் கோட்டை அடுப்பு வெட்டிய இடத்தில், வானத்தைப் பார்த்து மல்லாந்த கிண்ணம்போல ஒரு பெரிய ஆன்டெனா நிற்கிறது. விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்பது அதன் வேலை. அதற்குப் பக்கத்தில் மனித அரவமே கூடாது என்பதால் எங்கோ மலைக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கைப் பார்த்து வைத்திருந்தார்களாம். ஆனால் ஒப்புதல் கிடைத்த திட்டத்தின் தலைப்பு 'கடலோர மேம்பாடு.' பள்ளத்தாக்கில் கடல் இல்லை. காரைக்காலில் இருந்தது. ஆன்டெனா இங்கே வந்து இறங்கிவிட்டது.

அந்த ஆன்டெனாவுக்குப் பத்தடி தள்ளி ஒரு டீசல் ஜெனரேட்டர் நாள் முழுக்க டமடமவென்று ஓடும். அது இடைஞ்சல் இல்லையா என்று ஊரில் ஒருவர் மனுப் போட்டுக் கேட்டார். ஜெனரேட்டர் வாரியத்தின் உடைமை, வாரியத்தின் உடைமை வாரியத்துக்கு இடைஞ்சல் தராது என்று எழுத்துமூலம் பதில் வந்தது. அதோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

சின்னப்பிள்ளைக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். முழுக்கச் சம்பா. பயிர் தொண்டைக்கதிரில் நின்றது. கதிர் தோகைக்குள்ளிருந்து இன்றைக்கு வரவா, நாளைக்கு வரவா என்று கேட்கிற பருவம். ஐப்பசியில் கொட்டித் தீர்த்த மழை கார்த்திகையோடு கையை விரித்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் ஆறே களைத்துப்போய்விடும். மிச்சமிருந்தது போர்த் தண்ணீர். போர்த் தண்ணீருக்கு அந்த மோட்டார். இன்னும் இருபத்தைந்து நாள் தண்ணீர் கட்டினால் கதிரில் பால் பிடித்து நெல்லாகும். இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. சின்னப்பிள்ளைக்கும் அவர் மனைவி அஞ்சுகத்துக்கும் அந்த வருடம் உலகத்தில் இருந்த காரியம் இது ஒன்றுதான்.

மறுநாள் அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அமைதி ஆபீசுக்குப் போனார். மண்டல இயக்குநர் சிவநாதனின் அறைக் கதவில் 'மணமகள் அறை' என்ற பலகை தொங்கியது. அதைக் கழற்ற மராமத்து இலாகாவின் அனுமதி கேட்டு எழுதியிருந்தார்கள், இன்னும் வரவில்லை. உள்ளே நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு இயக்குநர் உட்கார்ந்திருந்தார். பேசும்போது அவ்வப்போது கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சரிதான் என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டார்.

"உக்காருங்க. இந்த மாசத்துல மூணு தடவை நம்ம ஆன்டெனாவுல ஒரு பொங்கல் பதிவாயிருக்கு. பொங்கல்னா சோறு இல்ல, ரேடியோ அலைப் பொங்கல். இருந்தாப்போல இருந்து பல மடங்கு ஏறும், கொஞ்ச நேரத்துல இறங்கிடும். மூணும் காலை பத்துலேருந்து மதியம் ரெண்டுக்குள்ள. உங்க மோட்டார் எப்ப ஓடுது?"

"மூணு ஃபேஸ் கரண்ட்டு ஒம்பதுலேருந்து மூணு வரைக்குந்தாங்க வருது. அப்பதான் ஓட்டுவேன்."

"பாத்தீங்களா!" இயக்குநர் மேசை மேல் ஒரு வரைபடத்தை விரித்தார். ஆன்டெனாவிலிருந்து தெற்கே சிவப்பு மையால் ஒரு கோடு போயிற்று. "பொங்கல் வந்த திசை இது. கோட்டைப் பிடிச்சிட்டே போனா முதல்ல என்ன வருது?"

"நம்ம மோட்டார் கொட்டாய் மாதிரி தெரியுதுங்க."

"தெரியுதா. விதி ஏழின்படி, கோட்டுல முதல்ல யார் இருக்காரோ அவர்தான் மூலம்."

"கோடு என் கொட்டாயத் தாண்டியும் போவுதுங்களே. வாய்க்காலுக்கு அந்தண்ட மீரா சாகிப் பாய் மோட்டாரு ஓடுது. அதுவும் இதே கம்பெனிதான்." சொன்ன உடனே, பாயை ஏன் இழுத்தோம் என்று அவருக்கு உறுத்தியது.

"வாய்க்காலுக்குத் தென்கரை தமிழ்நாடு. நமக்கு அதிகாரம் காரைக்கால் எல்லைக்குள்ள மட்டும்தான்."

"அலை வாய்க்காலைத் தாண்டாதுங்களா?"

"சட்டப்படி தாண்டக் கூடாது" என்றார் இயக்குநர், கண்ணாடியைப் பார்த்து.

அறையின் ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வினோதா என்று பெயர். வரிச்சிக்குடிக்காரி. அந்த ஆபீசில் ஆன்டெனா சொல்வதைப் படிக்கத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். அதனால் அவளுடைய பதவி எல்லோருக்கும் கீழே இருந்தது. சின்னப்பிள்ளை வெளியே வந்தபோது அவளும் பின்னாலேயே வந்தாள்.

"பயிர் என்ன பருவம் ஐயா?"

"தொண்டக்கதிரும்மா."

அவள் முகம் மாறியது. அவளும் நெல் வீட்டுப் பெண்தான். "அது உங்க மோட்டார் இல்ல. எனக்குத் தெரியும். அடுத்த தடவை பொங்கட்டும், உங்க மோட்டார் முத்திரையோட இருக்கு. அப்ப நிரூபிச்சிடலாம்" என்றாள்.

நான்கே நாளில் அது பொங்கியது. காலை பதினொன்று பத்துக்கு ஆரம்பித்து முக்கால் மணி நேரம், முன்னைவிடப் பெரிசாக. மோட்டார் அப்போது சிவப்பு நாடாவுக்குள் செத்த எலிபோலக் கிடந்தது. விஷயம் தெரிந்ததும் சின்னப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். தப்பித்தோம் என்று அஞ்சுகம் சுவாமி விளக்குக்கு இன்னொரு திரி போட்டாள். அன்று மாலை வந்த கடிதத்தில், முத்திரை வைத்த மோட்டாரை முத்திரை கலையாமல் ஓட்டிய நூதனக் குற்றத்துக்காக நேரில் வந்து விளக்கம் தருமாறு கண்டிருந்தது.

விசாரணை மணமகள் அறையிலேயே நடந்தது. இயக்குநர், தியாகராசன், வினோதா, சின்னப்பிள்ளை ஆகிய நால்வர்.

வினோதா எழுந்து நின்று சொன்னாள். "சார், இது பூமியிலேருந்து வர்றதே இல்ல. நம்ம பால்வீதி மண்டலத்துக்கு நட்டநடுவுல ஒரு பெரிய கருந்துளை இருக்கு. நாப்பது லட்சம் சூரியனைச் சேர்த்து உருட்டின எடை. அதைச் சுத்திச் சுழல்ற வாயு அப்பப்ப சூடேறி, ரேடியோ அலையாப் பொங்கும். மார்கழியில அந்த இடம் பகல்ல நமக்குத் தெக்கால தெரியும். அந்தப் பொங்கல்தான் இது. இன்னொரு ஆதாரமும் இருக்கு. பொங்காத நாள்லகூட அங்கேருந்து கொஞ்சம் அலை வருது, அது நமக்குக் கேக்க ஆரம்பிக்கிற நேரம் தினமும் நாலு நிமிஷம் முன்னாடி வருது. கரண்ட் ஆபீஸ் அப்படி விடாது. வானந்தான் அப்படிச் சுத்தும்."

ஜெனரேட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"நாலு நிமிஷமா?" என்றார் இயக்குநர். "அப்ப சின்னப்பிள்ளை தினமும் நாலு நிமிஷம் முன்னாடி வயலுக்குப் போறாருன்னு எழுதுங்க."

"சார், அந்த அலை அங்கேருந்து கிளம்பி இங்க வர்றதுக்கு இருபத்தாறாயிரம் வருஷம் ஆகுது!"

சின்னப்பிள்ளைக்கு இது ஒன்று மட்டும் நன்றாகப் பிடிபட்டது. "அய்யா, நான் மோட்டாரு மாட்டிப் பதினாலு வருஷந்தாங்க ஆவுது" என்றார் ஆவலாக.

"அதுக்கு முன்னாடி என்ன வச்சிருந்தீங்க?"

"ஆயில் இன்ஜினுங்க."

"அதுக்கு முன்னாடி?"

"எங்கப்பாரு ஏத்தம் எறச்சாருங்க."

"அவருக்கு முன்னாடி?"

"அவங்கப்பாருங்க."

"பரம்பரையாவே பண்ணியிருக்காங்க" என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. தியாகராசன் எழுதிக்கொண்டார்.

பிறகு இயக்குநர் நாற்காலியைத் தள்ளி எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வினோதா சொல்றதை நான் நம்பலைன்னு யாரும் நினைக்கக் கூடாது. நான் அறிவியலை மதிக்கிறவன். அது கருந்துளையாவே இருக்கட்டும். நோட்டீஸ் அனுப்புவோம். போய்ச் சேர இருபத்தாறாயிரம் வருஷம், பதில் வர இருபத்தாறாயிரம். ஆக ஐம்பத்திரண்டாயிரம். நம்ம விதியில பதில் சொல்ல அவகாசம் பதினஞ்சு நாள். நான் பெருந்தன்மையா முப்பது நாள் குடுக்கிறேன்னே வைங்க. அப்பவும் இடிக்குது. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள இந்த ஃபைலை நான் முடிச்சாகணும். கருந்துளை மேல நடவடிக்கை எடுக்க முடியாது. நடவடிக்கை இல்லாத ஃபைலைத் தலைமையகம் ஏத்துக்காது. உண்மை எவ்வளவு தூரத்துல வேணும்னாலும் இருக்கலாம், மிஸ்டர் சின்னப்பிள்ளை. ஆனா நிர்வாகத்துக்குக் கைக்கெட்டுற தூரத்துல ஒருத்தர் வேணும்."

அதுவரை எழுதிக்கொண்டே இருந்த தியாகராசன் பேனாவை மூடினார். அவர் அசல் காரைக்கால்காரர், ஊரின் நெளிவுசுளிவு தெரிந்தவர். "சார், இதுக்கு ஒரு வழி இருக்கு. எங்க ஊர்ல பாதி வீட்டுக்கு உடமஸ்தர் பாரீசுல இருக்காரு, மீதிக்கு சவுதியில. வீட்டு வரி, தண்ணிக் குழாய், பாகப்பிரிவினை எல்லாத்துக்கும் இங்க ஒருத்தருக்குப் பவர் எழுதிக் குடுத்திருப்பாங்க. அவருதான் கையெழுத்துப் போடுவாரு, அவருதான் கோர்ட்டுக்கு வருவாரு. பிரெஞ்சுக்காரன் காலத்துலேருந்து இப்படித்தான் ஓடுது. இதுவும் வெளிநாட்டு பார்ட்டிதானே? கொஞ்சம் தள்ளி இருக்கு, அவ்வளவுதான். உள்ளூர்ப் பொறுப்பாளர்னு ஒருத்தரைப் போட்டுட்டா ஃபைல் நகர்ந்துடும்."

இயக்குநர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். கண்ணாடிக்காரரும் மலர்ந்தார். இருவரும் திரும்பிச் சின்னப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

"அது எனக்கு ஒட்டா ஒறவாங்க?" என்றார் சின்னப்பிள்ளை.

"உறவு வேணாம். ஒரே கோட்டுல இருந்தாப் போதும்" என்றார் தியாகராசன், ஆறுதலாக. "இதுல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா மோட்டார் வேற, கருந்துளை வேறன்னு ரெக்கார்டுல பிரிஞ்சிடும். மோட்டார் மேல எங்களுக்கு என்ன கோவம்?"

"போடாதீங்க ஐயா" என்றாள் வினோதா, உதடு அசையாமல்.

"கதிரு காயுதும்மா" என்று சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை போட்டார். படிவத்தில் மூலத்தின் தகப்பனார் பெயர் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் இயக்குநரே தன் கையால் 'விசாரணையில்' என்று எழுதினார்.

மோட்டார் மறுநாள் ரெக்கார்டில் பிரிந்தது. முத்திரை பிரியவில்லை. போய்க் கேட்டபோது தியாகராசன் பொறுமையாக விளக்கினார். பொறுப்பாளர் ஆனவர், தன் பொறுப்பில் உள்ளது தொடர்ந்து முப்பது நாள் அமைதியாக இருக்கும் என்று உறுதி எழுதித் தர வேண்டும். அதுவரை அவருடைய உடைமையில் ஒன்று பிணையாக இருக்க வேண்டும். மோட்டார் ஏற்கெனவே கட்டித் தயாராக இருப்பதால் வாரியம் அதையே பிணையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. "உங்க மாட்டைப் பிடிச்சிட்டு வரச் சொல்லல பாருங்க" என்றார்.

"முப்பது நாளு வரைக்கும் பயிரு தாங்காதுங்க."

"அதைக் கருந்துளைகிட்ட சொல்லி வைங்க."

ஆறாம் நாள் அது பொங்கியது. வாரியத்திலிருந்து தாள் வந்தது: 'தங்கள் பொறுப்பில் உள்ள கருந்துளை நேற்று முற்பகல் 10.52 முதல் 11.40 வரை எவ்வித முன்னறிவிப்பும் இன்றிப் பொங்கியது ஏன் என்பதற்கு மூன்று நாள்களுக்குள் விளக்கம் அளிக்கவும். முப்பது நாள் கெடு இன்று முதல் மீண்டும் தொடங்குகிறது.' சின்னப்பிள்ளையும் அஞ்சுகமும் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பதில் எழுதினார்கள். 'ஐயா, அது எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது. இனிமேல் பார்த்துக்கொள்கிறேன்.' தெரியாமல் நடந்தது என்பது பொறுப்பாளரின் கவனக்குறைவைக் காட்டுகிறது என்று அதற்கு ஒரு மெமோ வந்தது.

அதன் பிறகு தினமும் காலையில் அவர் வயலில் நின்று தெற்கு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அங்கே வெயிலைத் தவிர வேறொன்றும் தெரியாது. கண்ணில் நீர் கொட்டும். காலடியில் தரை பிளந்து வெடித்திருந்தது. வெடிப்பில் விரலை விட்டால் விரல் முழுக்க உள்ளே போயிற்று. வெளிவந்த கதிர்கள் வெளுத்துக்கொண்டே வந்தன. அஞ்சுகம் அவரைப்போல வாயை மூடிக்கொண்டு நிற்கிறவள் அல்ல. இடுப்பில் கையை வைத்து வானத்தை நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள். "எத்தன காலமாக் கத்திக்கிட்டுக் கெடக்க! ஒரு முப்பது நாளு வாய மூடிக்கிட்டு இருந்தா ஒன் சொத்தா கொறஞ்சிடும்? சம்சாரி வயித்துலயா அடிப்ப?"

அந்தப் பக்கமாக ஸ்கூட்டியில் வந்த வினோதா இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். சின்னப்பிள்ளை அவளிடம் மெல்லக் கேட்டார். "அம்மா, அதுக்கு எதாச்சும் ஒரைக்குமா? இன்னிக்கே அது மனசு மாறி நிறுத்திடுச்சின்னா?"

"இன்னிக்கு நிறுத்தினாலும் நமக்குத் தெரிய இருபத்தாறாயிரம் வருஷம் ஆகும் ஐயா. இப்ப நம்ம மேல விழறதெல்லாம் அப்பவே கிளம்பினது."

"அப்ப வழியில இருக்கறதெல்லாம்?"

"வந்தே தீரும்."

சின்னப்பிள்ளைக்கு முத்திரை குத்த வந்தவர்கள் மேலும் கோபம் வரவில்லை, மேலே இருந்தது மேலும் வரவில்லை. எங்கே போய் முட்டிக்கொள்வது என்றே தெரியாத ஒரு திகைப்பு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

வாய்க்காலுக்குத் தென்கரையில் மீரா சாகிப் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருபது வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து நிலம் வாங்கியவர். ஒரு நாள் காலையில் இருநூறு அடி ஹோஸைத் தோளில் சுமந்துகொண்டு வாய்க்கால் கரையில் வந்து நின்றார்.

"அண்ணே, நம்ம மோட்டாருலேருந்து தண்ணி விடுறேன். ஒங்க மோட்டாரு ஒறங்கட்டும்."

"வேணாம் பாய், ஒங்களுக்கு எதுக்கு வம்பு? ஒங்க பேர வேற நான் அங்க இழுத்துட்டேன்."

"காயற பயிரப் பாத்துக்கிட்டு நான் எப்படிண்ணே தொழுவப் போறது? அல்லாஹ் கேக்க மாட்டானா? பிடிங்க இந்த முனைய."

தண்ணீர் வந்தது. மூன்று மணி நேரம் வந்தது. வெடித்த தரை சளசளவென்று சத்தம் போட்டுக் குடித்தது. அஞ்சுகம் அந்தச் சத்தத்தைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த நாள் ஜீப் வந்தது. தென்கரை மோட்டாரைத் தொட வாரியத்துக்கு அதிகாரம் இல்லை, வாய்க்காலைக் கடக்கிற ஹோஸைத் தொடலாமா என்பதில் ஐயம் இருக்கிறது என்று தியாகராசன் நேர்மையாகச் சொன்னார். பிறகு ஹோஸின் வடகரை முனையைத் துணியால் அடைத்து, சிவப்பு நாடாவால் கட்டி, அரக்கு ஊற்றினார். "மூலத்தின் பொறுப்பாளருக்குப் பயன்படுற எந்த இயந்திரமும் மூலத்தோட இயந்திரம்தான். பாய் மனசு நல்ல மனசு. ஆனா நல்ல மனசுக்கு விதியில எண் இல்லையே" என்றார்.

மீரா சாகிப் தென்கரையில் நின்றபடி, "யா அல்லாஹ், இவனுவோ தண்ணிக்கே வாய்க்கட்டுப் போட்டுட்டானுவளே" என்றார்.

தை பிறந்தது. கருந்துளை மேலும் இரண்டு தடவை பொங்கியது. கெடுவும் இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்கியது. வினோதாவுக்குப் பொறுக்கவில்லை. படங்களும் கணக்குகளுமாக முப்பது பக்கம் எழுதித் தலைமையகத்துக்கு நேரடியாக அனுப்பினாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. பால்வீதியின் மையத்தைத் திறம்பட அடையாளம் கண்டதற்காக அவளைப் பாராட்டியிருந்தார்கள். இத்தகைய திறமை ஒரு கிளையில் முடங்கிவிடக் கூடாது என்று புதுச்சேரித் தலைமையகத்துக்கு, தாளும் பென்சிலும் கொள்முதல் செய்யும் பிரிவுக்கு, அவளை மாற்றியிருந்தார்கள். பஸ் ஏறுமுன் அவள் சின்னப்பிள்ளை வீட்டுக்கு வந்தாள். அஞ்சுகம் அவளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள்.

வினோதா போன பிறகு ஆன்டெனா சொல்வதைப் படிக்க ஆபீசில் ஆள் இல்லை. ஆனால் தினப்பதிவேட்டை எழுதாமல் விட முடியாது. தியாகராசன் காலையில் வந்ததும் ஆன்டெனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'அமைதி' என்று எழுதி ஒப்பமிட்டார். மறுநாளும் அமைதி. அதற்கு மறுநாளும். பத்து நாள், இருபது நாள், முப்பது நாள். வாரியத்தின் வரலாற்றில் அப்படி ஓர் அமைதி அதற்குமுன் பதிவானதில்லை.

மாசியில் தென்கரையில் மீரா சாகிப் அறுத்துக் களம் சேர்த்தார். வடகரையில் ஆறு மாவும் அப்படியே நின்றது. அஞ்சுகம் ஒரு கதிரை உருவி நகத்தால் நசுக்கிப் பார்த்தாள். உமிக்குள் உமிதான் இருந்தது. கதிரைக் கணவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாட்டுக்கு வைக்கோலாச்சும் ஆவும். நாளக்கழிச்சு அறுத்துடுவோம்" என்றார் கடைசியில்.

அந்த நாளைக்கழித்துதான் விழா வைத்திருந்தார்கள். ஒரு கருந்துளையை முப்பது நாள் தொடர்ந்து அடக்கிய முதல் கிளை காரைக்கால் கிளைதான் என்று தலைமையகம் அறிவித்துவிட்டது. இதற்குக் 'காரைக்கால் முறை' என்று பெயர் வைத்து, மற்ற கிளைகளும் தத்தம் பகுதியில் பொறுப்பாளர்களைக் கண்டுபிடிக்கும்படி சுற்றறிக்கை போயிற்று. வயல் ஓரத்தில் சாமியானா, நாற்காலிகள், மைக். இயக்குநர் சிவநாதன் கத்தரிக்கோலால் சிவப்பு நாடாவை வெட்டினார். வீடியோக்காரர் முகம் சரியாக விழவில்லை என்றதால், நாடாவை முடிந்து இன்னொரு தடவை வெட்டினார். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடியது. குழாயிலிருந்து தண்ணீர் தொடைப் பருமனில் பாய்ந்து மடையில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

சின்னப்பிள்ளைக்குச் சால்வை போர்த்தினார்கள். இயக்குநர் வரப்பில் இரண்டடி இறங்கி, நான்கைந்து கதிர்களைப் பிடுங்கி மைக் முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"அமைதியினால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இதைப் பார்க்கட்டும்! பக்கத்து வயல்களில் பயிரெல்லாம் தலை சாய்ந்து தரையைத் தொட்டுக் கிடந்ததை நான் ஜீப்பில் வரும்போதே கவனித்திருக்கிறேன். அங்கெல்லாம் மோட்டார் ஓடியது. அந்த இரைச்சலைப் பயிர் தாங்கவில்லை. இங்கே பாருங்கள், ஒரு கதிராவது வளைந்திருக்கிறதா? அத்தனையும் நிமிர்ந்து நிற்கிறது! இது வாரியத்தின் வெற்றி!"

கூட்டத்தில் பாதிக்குமேல் விவசாயிகள். கதிரைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சுகம்தான் முன்வரிசைக்கு வந்து நின்றாள்.

"அய்யா, பால் புடிச்ச கதிருதான் தல சாயும். கனக்கும்ல, அதனால சாயும். இது பதருங்க. உள்ள ஒண்ணுங் கெடையாது. அதான் நிக்குது."

இயக்குநர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு தியாகராசனிடம், "என்ன சொல்றாங்க?" என்றார்.

"நன்றி சொல்றாங்க சார்."

மறுபடி கைதட்டல் எழுந்தது. சின்னப்பிள்ளை அதைக் கேட்கவில்லை. அவர் கண் தண்ணீரிலேயே இருந்தது. அது வாய்க்காலை நிறைத்து, மடையைத் தாண்டி, வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் எந்தத் தண்ணீருக்காக ஒவ்வொரு மேசையாகப் போய்க் கும்பிட்டாரோ அந்தத் தண்ணீர். மடையோரத்து நெல் தாள்கள் ஈரத்தில் சரிந்து விழுந்தன. ஊறினால் அழுகும், அழுகினால் மாடு வாய் வைக்காது.

அவர் சால்வையோடு தியாகராசனிடம் ஓடினார். "அய்யா, நிறுத்தச் சொல்லுங்க, மோட்டார நிறுத்தச் சொல்லுங்க! வைக்கோலு ஒண்ணுதான் மிச்சம், அதுவும் போயிடும்!"

தியாகராசன் பையிலிருந்து ஃபைலை எடுத்துப் புரட்டினார். அவருக்கு நிஜமாகவே சங்கடமாக இருந்தது. "ஓட்டறதுக்கு உத்தரவு இருக்கு சின்னப்பிள்ளை. நிறுத்தறதுக்கு இதுல ஒண்ணும் இல்லையே. அது இயக்குநர் திறந்து வச்ச மோட்டார், நீங்களா கை வச்சா தப்பாயிடும். ஒரு மனு எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை போட்டுடுறேன்."

சின்னப்பிள்ளை மோட்டார் கொட்டகையைப் பார்த்தார். பச்சைப் பொத்தானுக்குக் கீழே சிவப்புப் பொத்தான் இருந்தது. பத்தடி தூரம்கூட இல்லை. அவர் அதன் பக்கம் போகவில்லை. சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினார். மடையில் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தார். தண்ணீர் பக்கத்தில் உடைத்தது. அங்கே ஓடி அடைத்தார். அஞ்சுகமும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, கையாலேயே சேற்றை அள்ளி அள்ளி வைத்தாள். மேலே மைக்கில் நன்றியுரை ஆரம்பித்தது.